ஏணியின் முதல் படி

இருபத்திரண்டு பேரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள எத்தனையோ வழிகள் உண்டு. விரலை நீட்டி எண்ணலாம். பட்டியலைப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிடலாம். இந்தச் சர்ச்சின் இளைஞர் பாடகர் குழு மட்டும் பாடித்தான் எண்ணியது.

முறை எளிதானது. கீழ் ச-வில் தொடங்கி ச ரி க ம ப த நி என்று மூன்று சுற்று ஏறி, உச்சியில் இருக்கும் ச-வைத் தொட்டால் மொத்தம் இருபத்திரண்டு ஸ்வரங்கள் வரும். குழுவிலும் இருபத்திரண்டு பேர். எனவே ஆளுக்கு ஒரு ஸ்வரம். முன்னால் இருப்பவர் மூடிய கையை உயர்த்தித் திறந்ததும், குழுவிலேயே தாழ்ந்த குரல்காரன் தன் ஒற்றை ஸ்வரத்தைப் பாடுவான். அவன் விட்ட இடத்தில் அடுத்தவன் பிடிப்பான். இப்படியே போய், இருபது விநாடிக்குள் உச்சிக் குரல்காரி முடித்துவிடுவாள். இடையில் ஒருவர் இல்லையென்றால், இருட்டில் மாடி ஏறும்போது ஒரு படி இல்லாமல் கால் தடுக்குவதைப் போல் எல்லோர் காதும் தடுக்கும். எந்தப் படி என்று தெரிந்தால் யார் என்றும் தெரிந்துவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஏணி.

ஏணியைக் கண்டுபிடித்தவர் குழுவின் தலைவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "எண்ணிட்டு இருக்கும்போது எவனாவது குனிஞ்சு செருப்பை மாட்டுவான், எண்ணிக்கை தப்பிடும். ஏணி தப்பாது" என்பார். யார் வீட்டுக்குப் போனாலும், காப்பி வருவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவார்.

அவருடைய மனைவியின் தங்கைதான் லென்ஸ். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைச் சட்டத்துக்கு ஏற்ப வெட்டிப் பொருத்துவது அவள் வேலை. அதனால் இந்தப் பெயர். குழுவில் ஒன்பதாவது படி. ஏழு வருஷமாக நடுவரிசையில் நின்று பாடுகிறாள். அந்த ஏழு வருஷமும் அவளுடைய வலது கை, பாவாடை மடிப்புக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது என்று அவள்தான் நினைத்தாள். "கையை அடக்கு" என்று அத்தான் பார்வையாலேயே பத்து தடவையாவது சொல்லியிருக்கிறார்.

ஊர் ஊராகப் போய்ப் பாடும் பயணத்தின் நான்காம் நாள், அது ஊர் சுற்றிப் பார்க்கும் நாள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் நிகழ்ச்சி. நிகழ்ச்சி நடக்கவிருந்த சர்ச்சில் ஒரு பழைய ஆர்கன் இருந்தது. துருத்தியில் எங்கோ ஓட்டை. அடி ஸ்வரத்தை அமுக்கினால் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் இழுத்தது. அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதன் வயிற்றுக்குள் தலையை விட்டார். உள்ளிருந்தபடியே மச்சினியைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குப் பொறுப்பு உன்னோடது. காலையில மணிக்கூண்டு, மத்தியானம் கலங்கரை விளக்கம். இருபத்திரண்டு பேரைக் கூட்டிட்டுப் போய், இருபத்திரண்டு பேரைக் கொண்டுவந்து சேத்துட்டேன்னா, ராத்திரி கடைசிப் பாட்டை முன்னால நின்னு நீயே நடத்து, கை உன்னோடது."

லென்ஸுக்குக் காதில் விழுந்ததை நம்ப ஒரு நிமிஷம் ஆயிற்று. "நிஜமாவா அத்தான்?"

"ஆர்கனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு யாராவது விளையாடுவாங்களா? போ."

மணிக்கூண்டு ஊருக்கு நடுவில் இருந்தது. நாலு பக்கமும் பால் நிறக் கண்ணாடியில் முகம் வைத்த கடிகாரம். உள்ளே நூற்றுப்பதினோரு படி. மேலே கடிகார அறையில், ஆள் உயரப் பல்சக்கரங்கள் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கடிகாரக்காரர், எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனோடு ஒரு மெல்லிய மனிதர், ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கம்பியில் தொங்கும் எடை கீழே இறங்கப் பார்க்கிறது, அதுதான் சக்கரங்களைச் சுற்றும் பலம். ஊசல் ஆடும்போதெல்லாம் ஒரே ஒரு பல்லை மட்டும் போக விடுகிறது, அதுதான் டிக் என்று கேட்பது. அன்று மட்டும் மணி அடிக்காது என்றார். சுத்தியலுக்கு எண்ணெய் போடக் கழற்றி வைத்திருந்தார்.

பாதிப் பேர் கேட்டார்கள். பாதிப் பேர் ஜன்னலில் நின்று படம் எடுத்தார்கள். ஒருவன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன்தான் குகை. ஏணியின் முதல் படி. இருபத்திரண்டு வயசு, லிஃப்ட் மெக்கானிக், ஒல்லியான உடம்பு. ஆனால் வாயைத் திறந்தால் குரல் மலைக்குள்ளிருந்து வருவதுபோல் வரும்.

"அக்கா, இந்த எடை இருக்கே, இது அப்படியே லிஃப்ட்டோட எடைக்கட்டிதான்" என்றான்.

"பன்னிரண்டரைக்கு பஸ். மறந்துடாதே" என்றாள் லென்ஸ்.

"மறக்க முடியுமாக்கா? கடிகாரத்துக்குள்ளேயே நிக்கறேன்."

பன்னிரண்டரைக்குக் குழு பஸ்ஸில் ஏறியது. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் அண்ணன் ஐம்பதைத் தொடும் மனிதர். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. பஸ்ஸில் ஏணி எடுப்பது பயணத்தின் முதல் நாளிலிருந்தே லென்ஸின் வேலை; அந்தச் சட்டத்துக்காக அவள் முதல் சீட்டில் முன்னால் பார்த்து உட்கார்ந்தபடியே, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியும்படி வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்துவாள். அன்றும் உயர்த்தினாள். மூடிய கையைத் திறந்தாள்.

கீழ் ச ஆழமாக, உறுதியாக வந்தது. அதன் மேல் ரி. அதன் மேல் க. படிப்படியாக ஏறி, உச்சியில் விசில் என்று அழைக்கப்படும் பதினேழு வயசுப் பெண் இருபத்திரண்டாவது ஸ்வரத்தைக் கொடுத்து முடித்தாள். ஒரு தடுக்கல் இல்லை.

"போலாம் அண்ணே" என்றாள் லென்ஸ். பஸ் கிளம்பியது.

கலங்கரை விளக்கம் ஒரு மணி நேரத் தூரம். வழியெல்லாம் லென்ஸின் விரல்கள் முழங்காலில் கடைசிப் பாட்டை நடத்திக்கொண்டே வந்தன. அந்தப் பாட்டு கீழ் ச-வில் தொடங்கும். அது ஒன்றுதான் முதலில். தரை போட்டதுபோல் நீளமாக நிற்கும். அதன் மேல் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுவர் எழுப்புவார்கள். முடிவிலும் மற்றவர்கள் எல்லாம் அடங்கியபின் அந்த ஒரே ச மிஞ்சி நிற்கும். கையை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்பது ஏழு வருஷமாக அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

போய்ச் சேர்ந்ததும் ஓட்டுநர் அண்ணன் நேரே டீக்கடைக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கலங்கரை விளக்கத்தின் வெள்ளைச் சுவர் நிழலில் கூடினார்கள். உள்ளே போவதற்கு முன் ஒரு ஏணி எடுத்துவிடலாம் என்று லென்ஸ் கையைத் திறந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

ஏணியில் வேறு எந்தப் படி இல்லாவிட்டாலும், அது வரைக்குமாவது பாட்டு வரும். முதல் படி இல்லாவிட்டால் மட்டும் ஏணியே கிளம்பாது. இரண்டாவது படிக்காரன், பேக்கரியில் வேலை செய்யும் பையன், தனக்கு முன்னால் ச வரும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மீன்போல் நின்றான். அவனைப் பார்த்து மூன்றாவது படி நின்றது. இருபத்தொரு பேரும் கடலைப் பார்த்தபடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கே குகை?" என்றாள் லென்ஸ்.

"பஸ்ல தூங்கறான் அக்கா. பின் சீட்ல போர்த்திக்கிட்டுக் கிடக்கான்" என்றான் பேக்கரிக்காரன்.

லென்ஸ் போய்ப் பார்த்தாள். பின் சீட்டில் உருண்டு திரண்டு கிடந்தது குழுவின் அங்கிகள் கட்டிய மூட்டை. அதன் மேல் குகையின் ஸ்வெட்டர் ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. அவள் அவன் எண்ணுக்குப் போன் செய்தாள். மூட்டைக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

மூட்டையைப் புரட்டினாள். அடியில் அவனுடைய போன் மட்டும்தான் இருந்தது.

"ஆனா அக்கா, பஸ்ல ஏணி முழுசா வந்துச்சே" என்றாள் விசில். "நானே கேட்டேன். குகையில்லாம ச எப்படி வரும்? பேயா பாடுச்சு?"

அந்த நேரத்தில் ஓட்டுநர் அண்ணன் டீ கிளாஸோடு திரும்பி வந்தார். பஸ் வாசலில் நின்ற இருபத்தொரு முகங்களையும் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அது தம்பி இல்லையா?"

"இல்லைண்ணே. மூட்டை."

"ஐயோ சாமி" என்று நெற்றியைத் தடவினார். "பாடினது நான்தாம்மா."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"கண்ணாடில பாத்தேன். பின்னாடி போர்த்திக்கிட்டுக் கிடக்கான், தூங்கறான்னு நெனச்சேன். நேத்து தூங்கினப்ப இந்தப் பேக்கரித் தம்பிதான் விலால ஒரு இடி இடிச்சு எழுப்பிச்சு. பாவம், இன்னைக்காவது தூங்கட்டும், அவன் படியை நாமளே குடுத்துடுவோம்னு..." கையைப் பிசைந்தார். "தங்கச்சி கை திறந்துச்சு, பாடிட்டேன்."

"உங்களுக்கு அந்த ஸ்வரம் எப்படித் தெரியும்?"

"என் வண்டி நின்னு உறுமறதே அந்தச் சத்தம்தானேம்மா. இருபது வருஷமா வேற என்னத்தைக் கேட்டேன்?"

அது உண்மைதான். குகைகூடத் தன் ச-வை அந்த உறுமலிலிருந்துதான் எடுப்பான். ஆனால் குரல் பின்னாலிருந்து வராமல் முன்னாலிருந்து வந்ததை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை? இதற்கும் காரணம் உண்டு. கீச்சுக் குரல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். தாழ்ந்த ஒலி அப்படியல்ல. அது தண்ணீர் நிரம்புவதுபோல் இடத்தையே நிரப்பிவிடும். எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று காதுக்குப் பிடிபடாது. விசில் இல்லாமல் அவளுக்குப் பதில் வேறொருத்தி பாடியிருந்தால் ஒரு நொடியில் அகப்பட்டிருப்பாள்.

"ஏறுங்க. திரும்பி மணிக்கூண்டுக்குப் போறோம்" என்றாள் லென்ஸ். அப்போதுதான் அவள் போன் அடித்தது. அத்தான்.

"என்னம்மா, போய்ச் சேந்தாச்சா?"

"சேந்தாச்சு அத்தான்."

"எல்லாரும் இருக்காங்களா?"

லென்ஸ் வாயைத் திறந்தாள். ஏழு வருஷம் பாவாடை மடிப்புக்குள் கிடந்த கை கண் முன்னால் வந்து நின்றது.

"சரி, நீ சொல்ல வேண்டாம். ஏணி எடு, நான் போன்லயே கேட்டுக்கறேன்" என்றார் அத்தான்.

எல்லோரும் ஓட்டுநர் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடிப்போய்த் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு அங்கே உட்கார்ந்தால்தான் பாட்டு வரும். லென்ஸும் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தினாள். இது தப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கையைத் திறந்தாள்.

எஞ்சின் ஓடாமலே ச வந்தது. அதன் மேல் ஏணி முழுதாக எழுந்தது. விசில், பயத்தில், தன் ஸ்வரத்தை வழக்கத்தைவிட அழகாகப் பாடினாள்.

போனில் வெகுநேரம் பேச்சில்லை.

"அத்தான்?"

"இருக்கேன்" என்றார் அத்தான், ஒரு மாதிரியான குரலில். "முதல் படி இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு. குகைகிட்ட நான் சொன்னதாச் சொல்லு." வைத்துவிட்டார்.

பஸ் திரும்பியது. கலங்கரை விளக்கம் பின் கண்ணாடியில் விரல் அளவுக்குச் சிறுத்தது. டிக்கெட் வாங்கிய இருபத்தொரு பேரும் அதை ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க ஒண்ணும் பொய் சொல்லல. ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றாள் விசில் ஆறுதலாக. "அண்ணன்தான் பொய் பாடினார்."

"என்னை ஏம்மா இழுக்கறே?" என்றார் ஓட்டுநர் அண்ணன்.

"இதுல ஒரு நல்லதும் இருக்குக்கா. குகை கிடைக்கலைன்னா, அண்ணனுக்கு அங்கி மாட்டிடலாம்."

"வாயை மூடறியா?"

விசில் வாயை மூடினாள். பஸ் பத்து நிமிஷம் ஓடியது. லென்ஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணாடி வெட்டும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பொட்டளவு தப்பாக வெட்டினாலும் சட்டத்தில் எப்படியோ அழுத்தி உட்கார வைத்துவிடலாம்; கடையில் யாருக்கும் தெரியாது. ஆனால் போட்டுக்கொண்டு போகிறவருக்கு நாள் முழுக்கத் தலைவலி. இப்போது அந்தத் தலைவலி அவளுக்கே வந்திருந்தது. குகை எங்கே நிற்கிறானோ. கையில் போன் இல்லை. ஊர் தெரியாது. அவனைத் தேட வேண்டிய மனுஷன் எல்லோரும் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு ஆர்கனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்.

போனை எடுத்தாள்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். குகை எங்ககூட இல்லை. மணிக்கூண்டிலேயே விட்டுட்டு வந்துட்டேன். அந்த முதல் படி ஓட்டுநர் அண்ணன் பாடினது. நான்தான் பாட விட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"குகை என் பக்கத்துல உக்காந்து ரெண்டாவது தட்டு சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

லென்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "எப்பலேர்ந்து?"

"உனக்குப் போன் பண்ணினேனே, அப்பவே இங்கதான் இருந்தான். நீ கூப்பிடுவேன்னு முதல்ல காத்திருந்தேன். ஏணி உனக்குக் காட்டிக் குடுத்துடும், நீயே அலறி அடிச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்னு. கூப்பிடல. சரி, நானே ஏணி எடுக்கச் சொன்னா உன் காதுக்கு எட்டும்னு பாத்தேன். முழு ஏணி வருது. ச என்னமா வருது. நான் குகையைத் திரும்பிப் பாக்கறேன், வாய் நிறையச் சோறு. ஒரு நிமிஷம் எனக்குத் தலையே சுத்திடுச்சு."

"மன்னிச்சுக்குங்க அத்தான்."

"பதினஞ்சு வருஷமா ஏணி தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் அவர். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. "சரி, டிக்கெட் வாங்கியாச்சு இல்ல? திரும்பிப் போய்ப் பாத்துட்டு வாங்க."

"ராத்திரி கடைசிப் பாட்டு..."

"இருபத்திரண்டு பேரைக் கூட்டிட்டுப் போனே. கொண்டு வர்றது இருபத்தொண்ணு. பேச்சு பேச்சுதான்."

பஸ் மறுபடி திரும்பியது. இருபது பேர் கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏறிக் கடலைப் பார்த்தார்கள். லென்ஸ் கீழேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலரைக்குச் சர்ச்சுக்கு வந்து சேர்ந்தபோது குகை வாசலில் நின்றான். லென்ஸைப் பார்த்ததும் ஏதோ சொன்னான். தவளை சொன்னதுபோல் இருந்தது.

"என்னடா குரல் இது?"

காற்றும் கரகரப்புமாக அவன் சொன்ன கதை இது. எல்லோரும் இறங்கும்போது கடிகாரக்காரர் அவனை நிறுத்தி, மணிக்குக் கீழே கூட்டிப்போனார். எந்த மணிக்கும் அதற்கென்று ஒரு ஸ்வரம் உண்டு. கீழே நின்று அதே ஸ்வரத்தைச் சரியாகப் பாடினால், சுத்தியல் படாமலே மணி தானாக அதிரும் என்றார். குகை பாடிப் பார்த்தான். மணியின் ஸ்வரம் அவனுடைய ச-வுக்கும் ஒரு படி கீழே இருந்தது. குகைக்குக் கீழே ஒரு படியா? விடுவானா? தொண்டையைக் கீழே கீழே இறக்கி, முக்கால் மணி நேரம் முட்டி மோதி, கடைசியில் மணியின் விளிம்பில் வைத்த விரலுக்கு எறும்பு ஊர்வதுபோல் ஓர் அதிர்வு தெரிந்தது. அதோடு குரல் போயிற்று.

"நேரம் பாக்கலையா நீ?"

"பாத்தேன்க்கா. பதினொண்ணு நாப்பது. இன்னும் அம்பது நிமிஷம் இருக்கேன்னு இருந்தேன். அப்புறம் மறுபடி பாத்தா பத்து அம்பத்தஞ்சு. 'ஐயா, உங்க கடிகாரம் பின்னாடி போகுது'ன்னு சொன்னேன். அவர் சிரிச்ச சிரிப்புல மூக்குக்கண்ணாடி சக்கரத்துக்குள்ள விழுந்துடுச்சு."

லென்ஸுக்குப் புரிந்துவிட்டது. பால் கண்ணாடி முகத்தை உள்ளே இருந்து பார்த்தால் முள் இரண்டும் வலம் இடமாகத் தெரியும். பன்னிரண்டு இருபது, பதினொன்று நாற்பதாகும். ஒன்று ஐந்து, பத்து ஐம்பத்தைந்தாகும். ஊருக்கெல்லாம் முன்னால் போகும் நேரம், உள்ளே நிற்பவனுக்கு மட்டும் பின்னால் போகும். அதற்குப் பிறகு அவன் ஓடி இறங்கியபோது பஸ் இல்லை. நல்லவேளை, கடிகாரக்காரர் அறைக் கதவில் நிகழ்ச்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சர்ச்சின் எண் அதில் இருந்தது; கூப்பிட்டதும் அத்தான் ஆட்டோ அனுப்பி அவனை வரவழைத்துவிட்டார்.

ஒத்திகையில் அத்தான் நடுவில் நின்றார். கடைசிப் பாட்டுக்குக் கையை உயர்த்தினார். குகை வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. பேக்கரிக்காரன் முயன்று பார்த்தான். ரி-க்குக் கீழே அவனுக்கு இறங்கவில்லை. ஆர்கனில் அடி ஸ்வரத்தை அமுக்கிப் பார்த்தார்கள். காலையெல்லாம் ஒட்டுப்போட்டும் அது இழுத்துக்கொண்டுதான் இருந்தது. தரையே இல்லாமல் சுவர் எழுப்ப முடியாது.

"ஒருத்தர் இருக்கார் சார்" என்றாள் விசில் கூரையைப் பார்த்தபடி. "வாசல்ல பஸ் துடைச்சுக்கிட்டு இருக்கார்."

ஓட்டுநர் அண்ணனைப் பிடித்து வந்தார்கள். கையில் துடைக்கும் துணியோடு, பயந்துபோய், குகையின் இடத்தில் நின்றார். "எனக்கு அந்த ஒண்ணுதான் சார் தெரியும்" என்றார்.

"அந்த ஒண்ணுதான் சார் வேணும்" என்றார் அத்தான். கையை உயர்த்தி, சுழற்றி, நெஞ்சிலிருந்து எதையோ அள்ளி எடுப்பதுபோல் நீட்டினார். ஓட்டுநர் அண்ணன் அதை ரசித்துப் பார்த்தார். பாடவில்லை. இன்னொரு முறை. மூன்றாம் முறை.

"ஏன் பாட மாட்டேங்கறீங்க?"

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். நீங்க கையை ஆட்டறதுல எது ஆரம்பம், எது கொசு ஓட்டறதுன்னு எனக்குப் புரியல. அந்தத் தங்கச்சி கையைத் திறந்தா எனக்குத் தானா வந்துடும்."

இருபத்திரண்டு பேரும் தரையில் எதையோ தேடினார்கள். அத்தான் மணியைப் பார்த்தார். ஐந்தேகால். ஆர்கனைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு ஒதுங்கி, மச்சினிக்கு இடம் கொடுத்தார்.

லென்ஸ் நடுவில் போய் நின்றாள். வலது கையை உயர்த்தித் திறந்தாள்.

ஓட்டுநர் அண்ணன் பாடாமல் அவள் கையையே பார்த்தார். "என்னமோ மாதிரி இருக்கு தங்கச்சி" என்றார் மெதுவாக.

அத்தான் இருமினார். ஒரு கணம் லென்ஸுக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. பிறகு கடிகாரத்தின் நினைவு வந்தது. நான்கு நாளாக இந்த மனுஷன் அவள் கையை நேராகப் பார்த்ததே இல்லை. ஓட்டுநர் சீட்டின் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில்தான் பார்த்தார். அதில் அவளுடைய வலது கை அவருக்கு வலப்பக்கம் தெரியும். எதிரே நின்றால் இடப்பக்கம் போய்விடுகிறது. வலப்பக்கத்துக் கைக்குத்தான் அவருக்குப் பாட்டு வரும்.

அவள் இடது கையை உயர்த்தினாள். திறந்தாள்.

ச வந்தது. பெஞ்சுகள் மெல்ல அதிர்ந்தன.

அன்று ராத்திரி சர்ச் நிரம்பியிருந்தது. கடைசிப் பாட்டுக்கு அத்தான் முதல் வரிசையில், குரல் போன குகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டுநர் அண்ணன் குகையின் அங்கியில் நின்றார். நீளம் போதாமல் கணுக்கால் தெரிந்தது. லென்ஸ் இடது கையைத் திறந்தாள், தரை விழுந்தது, அதன் மேல் ஒவ்வொரு குரலாக ஏறியது. பின் வரிசையில் இருந்தவர்கள் அந்தத் தாழ்ந்த ஸ்வரம் எங்கிருந்து வருகிறது என்று ஆர்கனை எட்டிப் பார்த்தார்கள்.

பாட்டு முடிவை நெருங்கியபோது அவள் அத்தானின் முழங்காலைப் பார்த்தாள். அதன் மேல் அவருடைய வலது கை, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில், சின்னதாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மற்ற குரல்கள் அடங்கின. ஒரே ச மட்டும் மிஞ்சியது. அத்தானின் நோட்டில் அதற்கு எட்டு மாத்திரை என்று எழுதியிருந்தது. எட்டில் அவர் கை முழங்காலில் மூடிக்கொண்டது. லென்ஸின் கை மூடவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. ஓட்டுநர் அண்ணனின் முகம் தக்காளியாகிக்கொண்டு வந்தது. ஆனால் கண் அவள் கையை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு எண்ணி, இன்னும் கொஞ்சம் பொறுத்து, அவள் கையை மூடினாள்.